கட்டியவர் பலர், கணக்குக் காட்டுபவர் யார்?

கிறித்துவப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் நாட்டில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "அவை வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற மிச்சம், அரசு உடனே எடுத்துக் கொள்ள வேண்டும்" என்பது ஒரு குரல். "அவை எங்கள் திருச்சபையின் சொத்து, யாரை ஆசிரியராக வைத்தோம், எங்கே செலவழித்தோம் என்று கேட்பதற்கு வெளியார் யார்?" என்பது மற்றொரு குரல். முதற்குரலில் வெறுப்பு இருக்கிறது. இரண்டாவது குரலில் அச்சம் இருக்கிறது. சில வேளைகளில் அச்சம் என்ற போர்வைக்குள் ஆதாயமும் ஒளிந்திருக்கிறது.

இந்த இரண்டில் எதையும் நாம் ஏற்பதற்கில்லை. சிறுபான்மையோர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமை இருந்தே தீர வேண்டும் என்று வாதாடுவோர் வரிசையில் நிற்பவர்கள் நாம். அதே வாயால், மக்களின் வரிப்பணம் செல்லும் இடத்தில் மக்களின் பார்வையும் செல்ல வேண்டும் என்றும் சொல்கிறோம். இது முரண்பாடு என்று சிலர் நினைக்கக் கூடும். ஒரு கிறித்துவப் பள்ளி எப்படித் தோன்றுகிறது, அதை ஆள்பவர் யார், அன்றாடம் நடத்துபவர் யார், அதற்குப் படியளப்பவர் யார் என்பதை வரிசையாகப் பார்த்தால், முரண்பாடு ஏதும் இல்லை என்பது தானே விளங்கும்.

விதை போட்டவர்கள்

1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர் வந்து இறங்கினார். அவரை அனுப்பியவர் டென்மார்க் நாட்டு மன்னர். சில ஆண்டுகளுக்குள் அந்தச் சிறு கடற்கரை ஊரில் தமிழ்ப் பள்ளி நடந்தது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடந்தது. அச்சுக்கூடமும் வந்து சேர்ந்தது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று மேட்டுக்குடியார் கேட்டுக் கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையிலே சுவார்ட்ஸ் பாதிரியார் செல்வாக்கோடு விளங்கினார். தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் எழுந்தன. அவற்றுக்கு ஆண்டுக்கு 250 வராகன் வீதம் உதவி தர 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேலிடம் இசைந்தது. 'உதவி பெறும் பள்ளி' என்று இன்று சொல்கிறோமே, அதன் பழைய முளைகளுள் ஒன்று அது. பாதிரியார் நடத்துவார், ஆட்சியாளர் பணம் தருவார் என்ற ஏற்பாடு அத்தனை பழையது!

பின்னர் திருநெல்வேலிச் சீமை. 1820-இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். அவருக்குப் பின் இடையன்குடியில் கால்டுவெல், சாயர்புரத்தில் போப், மெஞ்ஞானபுரத்தில் தாமஸ், நாசரேத்தில் மர்காஷிஸ் என்று தேரிக்காட்டு ஊர்கள் பெயர் பெற்றன. அந்தச் சீமையில் கிறித்துவர்கள் குடியேறிய ஊர்தோறும் ஓர் ஓலைக் கொட்டகை எழுந்தது. வார நாட்களில் அது பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை அதுவே செபக்கூடம். ஆசிரியரே உபதேசியார், உபதேசியாரே ஆசிரியர். மாட்டுக் கொட்டிலிலும் பனங்காட்டிலும் நின்ற பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து 'அ' எழுதச் செய்தவர் அவர்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? சீமையிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். பாதி உண்மைதான். மற்றப் பாதி உள்ளூரில் பிறந்தது. பனை ஏறும் தொழிலாளியின் மனைவி உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தாள். வாரம் ஒரு முறை அது கோயிலுக்குப் போயிற்று. அறுப்பின் பண்டிகையில் முதற்காய்ப்புப் பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தது. சந்தையில் சில காசு பெறும் காயை, கோயில் காரியத்துக்கென்று பல மடங்கு விலை கொடுத்து எடுத்தார் ஒருவர். 1830-இல் ரேனியஸ் காலத்தில் எழுந்த தர்ம சங்கம், கிறித்துவர்களுக்கு நிலம் வாங்கி ஊர்கள் அமைக்கக் கை கொடுத்தது. ஆகவே மிஷன் கட்டிய பள்ளி என்று நாம் சொல்லும் சுவரிலே, கப்பலில் வந்த பவுனும் இருக்கிறது. கலயத்தில் விழுந்த பிடியரிசியும் இருக்கிறது.

சென்னையிலே 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது. தொடங்கிய புதிதில் ஒரு சோதனை. தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவர்கள் மேல்சாதிப் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கிறார்கள் என்ற செய்தி வெளியே பரவிற்று. "அவர்களை நீக்கு, இல்லையேல் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம்" என்று பெற்றோர் கொதித்தனர். ஆண்டர்சன் நீக்க மறுத்தார். பலர் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போயினர். பள்ளி சாகவில்லை, நின்றது, வளர்ந்தது.

மிஷன்காரர் எல்லாரும் ஆண்டர்சன் அல்லர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மதம் பரப்பும் நோக்கம் அவர்களுக்கு இருந்தது. அதை அவர்கள் மறைக்கவுமில்லை. தரங்கம்பாடி வழிவந்த கோயில்களிலே சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்த காட்சியும் உண்டு. குறைகள் இருக்கட்டும். வேறு எந்தக் கதவும் திறக்காத காலத்தில், அரைகுறையாகவேனும் திறந்த கதவு அது. அந்த நன்றியை மறப்பது தமிழர் பண்பாகாது.

மானியம் வந்த கதை

1854-ஆம் ஆண்டு ஜூலையில் லண்டனிலிருந்து சார்லஸ் உட் என்பவர் பெயரால் ஒரு கல்விச் சாசனம் வந்தது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்குச் சர்க்கார் உதவிப் பணம் தரும் என்றது அது. உடன் சில நிபந்தனைகள். நல்ல பொதுக் கல்வி தர வேண்டும். பொறுப்பேற்கும் உள்ளூர் நிர்வாகம் இருக்க வேண்டும். சர்க்கார் அதிகாரி வந்து சோதிக்க இடம் கொடுக்க வேண்டும். சிறு தொகையேனும் பிள்ளைகளிடம் சம்பளம் வாங்க வேண்டும். பள்ளியிலே எந்த மதம் போதிக்கப்படுகிறது என்பதில் சோதனை அதிகாரி தலையிடமாட்டார்.

மிஷன்களுக்கு இதனால் பெரும் பயன் விளைந்தது. ஊர்ப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாயிற்று. உயர்நிலைப் பள்ளி கல்லூரியாயிற்று. 1882-இல் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு அமைந்தபோது, சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் மில்லர் அதில் ஓர் உறுப்பினராக இருந்தார் என்றால் மிஷன் கல்வியின் செல்வாக்கு எவ்வளவு என்பது தெரியும்.

ஆனால் மானியத்தைக் கையில் வாங்கிய நாளிலிருந்து பள்ளிக்கு எசமானர் இருவர். கட்டடமும் நிர்வாகமும் சபையினுடையவை. பாடத்திட்டமும் சோதனையும் சம்பளப் பணமும் சர்க்காருடையவை. உதவி பெறும் கிறித்துவப் பள்ளி, அன்று முதல் முழுத் தனியார் பள்ளியுமன்று. முழு அரசுப் பள்ளியுமன்று. இன்றைய வழக்குகள், வம்புகள் அனைத்துக்கும் வேர் அங்கே இருக்கிறது.

சட்டம் தந்த காப்பு

1950-இல் குடியரசு மலர்ந்தபோது அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு ஓர் உறுதி தந்தது. மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையோராக உள்ளவர்கள் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவலாம், நிர்வகிக்கலாம். சிறுபான்மையோர் நிர்வாகம் என்பதற்காக உதவித் தொகையிலே பேதம் காட்டக் கூடாது. அதற்கு முன்னாலேயே இரண்டு பிரிவுகள் மறுபக்கத்தையும் காத்து நிற்கின்றன. அரசின் நிதியுதவி பெறும் நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவருக்கு இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29-ஆவது பிரிவு. அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், மாணவனோ, அவன் சிறுவனானால் பெற்றோரோ இசையாமல் அவனை மதபோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது 28-ஆவது பிரிவு. உரிமையும் வரம்பும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு சாரார் 30-ஐ மட்டும் படிக்கிறார்கள். மற்றொரு சாரார் அந்த ஒன்றை மட்டும் கிழித்தெறியத் துடிக்கிறார்கள்.

இந்த உரிமைக்கு முதற்பெருஞ்சோதனை அண்டை மாநிலத்திலே வந்தது. 1957-இல் கேரளத்தில் நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமைக் கட்சி அமைச்சரவை அமைந்தது. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி. அவரே கிறித்துவர், கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அவர் கொண்டுவந்த கல்வி மசோதா, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு நேரடியாகவோ தலைமையாசிரியர் வாயிலாகவோ தரும் என்றது. நிர்வாகி தன் விருப்பம் போல் ஆளை எடுக்காமல், தேர்வாணையம் தரும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்றது. தேவை நேர்ந்தால் அரசு பள்ளியை ஏற்றுக் கொள்ளலாம் என்றும் சொன்னது. ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக் கொண்டு வேறொரு தொகையை ஆசிரியர் கையில் வைத்த நிர்வாகிகள் மீது அந்நாளில் பெரும் புகார் இருந்தது.

மசோதா குடியரசுத் தலைவரால் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. 1958 மே 22-இல் நீதிமன்றம் கருத்துரைத்தது. உதவித் தொகையைத் தூண்டிலாக்கிச் சிறுபான்மையோரின் நிர்வாக உரிமையைப் பறிக்கக் கூடாது. பள்ளியை அரசு ஏற்கும் விதிகள் சிறுபான்மையோர் பள்ளிகளைப் பொறுத்தவரை செல்லா என்றது. அதே மூச்சில், நிர்வகிக்கும் உரிமை என்பதற்குச் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை என்று பொருளில்லை என்றும் சொன்னது. ஆசிரியர் நலனுக்கான கட்டுப்பாடுகள் பலவற்றை அது ஏற்றுக் கொண்டது. பிறகு நடந்த கிளர்ச்சியும், 1959 ஜூலை 31-இல் அமைச்சரவை நீக்கப்பட்டதும் நாடறிந்த கதை. அமைச்சரவை போயிற்று, நீதிமன்றம் சொன்ன அந்த இரட்டை வாக்கியம் நின்றுவிட்டது.

1974-இல் அகமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வும் இதே வழியிற் சென்றது. 2020 சனவரியில் மேற்கு வங்க மதரசாக்களைப் பற்றிய வழக்கிலே, உதவி பெறும் சிறுபான்மை நிலையங்களுக்கு ஓர் ஆணையம் ஆசிரியர்களைத் தேர்ந்தனுப்பும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, உரிமை உயிரோடிருக்கிறது; ஒழுங்குமுறையும் உயிரோடிருக்கிறது.

தாளாளர் நாற்காலி

சரி, பள்ளியை உண்மையில் ஆள்பவர் யார்? வாயிலில் நிற்கும் பெற்றோருக்குத் தலைமையாசிரியரைத் தெரியும். அவருக்கு மேலே ஒரு நாற்காலி இருக்கிறது. அதிலே அமர்ந்திருப்பவர் தாளாளர். முன்னாளில் கரெஸ்பாண்டெண்ட் என்றார்கள். அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர் என்பது பொருள். பெயரில் எழுத்தர் போலத் தோன்றினாலும், ஆசிரியரை அமர்த்துவதும் மாற்றுவதும் தண்டிப்பதும் அவர் கையொப்பத்தால் நடப்பவை.

கத்தோலிக்கரிடையே பள்ளி, மறைமாவட்டத்துக்கு உரியதாகவோ, ஒரு துறவற சபைக்கு உரியதாகவோ இருக்கும். மறைமாவட்டப் பள்ளியென்றால் உச்சியில் ஆயர். அவருக்குக் கீழே ஆர்.சி. பள்ளிகளின் கண்காணிப்பாளராக ஒரு குரு. ஊர்ப்பள்ளிக்குப் பெரும்பாலும் பங்குத்தந்தையே தாளாளர். துறவற சபைப் பள்ளியென்றால் அச்சபையின் மாநிலத் தலைமை முடிவு செய்யும். கன்னியர் இல்லத் தலைவி பள்ளியையும் கவனிப்பார். அதிகாரம் மேலிருந்து கீழே வருகிறது. பங்குத்தந்தை மாறினால் தாளாளரும் மாறுவார்.

தென்னிந்தியத் திருச்சபையின் வழி வேறு. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையார் ஒன்றுகூடி அமைத்த திருச்சபை அது. சொத்துகள் பெரும்பாலும் திருச்சபையின் பொறுப்பாண்மைக் கழகங்களின் பெயரில் உள்ளன. நெல்லைச் சீமையில் 'டி.டி.டி.ஏ. பள்ளி' என்று பெயர்ப்பலகையிலேயே காண்கிறோமே, அது திருநெல்வேலித் திருமண்டலப் பொறுப்பாண்மைக் கழகத்தின் சுருக்கப் பெயர். திருமண்டலத்துக்குப் பேராயர் உண்டு; அவரோடு தேர்ந்தெடுக்கப்பட்ட பெருமன்றம் உண்டு; செயற்குழு உண்டு; பள்ளிகளுக்கென மேலாளர்கள் உண்டு. ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் நல்ல மரபு இது. ஆனால் அந்தத் தேர்தலிலே வெற்றி பெறுவோர் கையில் ஆசிரியர் நியமனம் வந்து விழுகிறது என்பதால், சபைத் தேர்தல் சட்டமன்றத் தேர்தலையும் மிஞ்சும் சூட்டோடு நடக்கிறது. வழக்கு முற்றி, ஓய்வு பெற்ற நீதிபதிகளை நிர்வாகிகளாக நீதிமன்றம் அமர்த்திய நிகழ்ச்சிகளையும் நம் காலத்தில் கண்டிருக்கிறோம்.

இன்று ஒருவர் புதிதாகப் பள்ளி தொடங்குவதென்றால் கதை வேறு. அறக்கட்டளையோ சங்கமோ பதிவாக வேண்டும். நிலம் வேண்டும். கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை வேண்டும். 2004-இல் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் தீயில் கருகிய பின்னர் இந்தச் சான்றுகளின் அருமை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு கல்வித்துறையின் அங்கீகாரம். சிறுபான்மை நிலையம் என்ற சான்றுக்கு அரசிடமோ, 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆணையத்திடமோ செல்ல வேண்டும். எல்லாம் கிடைத்தாலும் மானியம் கிடைக்காது. 1990-களின் தொடக்கம் முதல் புதிய பள்ளிகளுக்கு மானியம் இல்லை என்பதே தமிழ்நாட்டின் பொது நிலை. ஆகவே புதிய பள்ளி பிறக்கும்போதே கட்டணப் பள்ளியாகப் பிறக்கிறது. பனங்காட்டுப் பிள்ளையைத் தேடிச் சென்ற பழைய பள்ளிக்கும், கார் வைத்திருப்போரைத் தேடும் புதிய பள்ளிக்கும் ஒரே புனிதரின் பெயர்!

ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளி

பழைய உதவி பெறும் பள்ளியிலும் இந்த மாற்றம் புகுந்து விட்டது. உதவி பெறும் வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர் என்பதை மாணவர் தொகையைக் கொண்டு அரசு நிர்ணயம் செய்கிறது. அந்த இடம் காலியானால் நிர்வாகம் ஆளை அமர்த்துகிறது. கல்வி அலுவலர் ஒப்புதல் தருகிறார். அதன்பின் அரசுச் சம்பளம் வருகிறது. பாடநூலும் மதிய உணவும் அரசினுடையவை. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலைச் சிற்றுண்டி விரிவுபடுத்தப்பட்டபோது, அதன் தொடக்க விழாவே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் ஒரு கிறித்துவப் பள்ளியில்தான் நடந்தது.

அதே மதிலுக்குள் சுயநிதிப் பிரிவு என்று மற்றொன்று நடக்கிறது. ஆங்கில வழி, கட்டணம் உண்டு, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணத்தை ஒரு குழு நிர்ணயிக்கிறது. இங்கே பணியாற்றும் ஆசிரியைக்கு அரசுச் சம்பளமில்லை. பக்கத்து அறையில் அதே பாடத்தை அதே வயதுப் பிள்ளைக்குச் சொல்லித் தரும் உதவி பெறும் ஆசிரியையின் ஊதியத்தில் அவருக்குக் கிடைப்பது சிறு பங்கு. கோடை விடுமுறை மாதத்தில் அதுவும் நிச்சயமில்லை என்று குமுறுவோர் உண்டு. உதவி பெறும் தமிழ் வழி வகுப்பிலே பிள்ளைகள் குறைகிறார்கள். சுயநிதி வகுப்பிலே கூடுகிறார்கள். இது தானாக நடக்கிறதா, நடத்தப்படுகிறதா? நிர்வாகங்கள் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லட்டும்.

கிறித்துவப் பள்ளியின் பொருளாதாரத்தில் வெளியார் அறியாத ஒன்று கன்னியரின் சம்பளம். உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் கன்னியருக்கு அரசு சம்பளம் தருகிறது. ஏழ்மை வாக்குறுதி எடுத்தவர் ஆகையால் அவர் அதைத் தமக்கென வைத்துக் கொள்வதில்லை; சபைக்குச் செல்கிறது. அந்தப் பணத்தால் விடுதிகள் நடந்தன, கட்டடங்கள் எழுந்தன. அவர்கள் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சம்பளம் தனி ஆளுக்குத் தரப்படுவது, வரி பிடிக்கத்தான் வேண்டும் என்று 2024 நவம்பரில் முடிவாயிற்று. வாழ்நாள் உழைப்பு முழுவதையும் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வெள்ளைப் புடவையோடு ஓய்வுபெறும் அந்தப் பெண்களின் தியாகத்தை நாம் போற்றுகிறோம். அந்தத் தியாகத்தைக் காட்டி, கணக்கைக் கேட்காதே என்று சொல்பவர்களைப் போற்ற மாட்டோம்.

மூடி மறைப்பதால் பயனில்லை

உதவி பெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியானால், அதற்கு விலை என்ன என்று ஊரிலே பேசிக் கொள்கிறார்கள். எல்லாப் பள்ளியிலும் அப்படியென்று சொல்வது அநியாயம். எங்குமே இல்லை என்று சொல்வது பொய். இந்துக்களோ இசுலாமியரோ நடத்தும் உதவி பெறும் பள்ளிகளிலும் இதே பேச்சு உண்டு. ஆனால் பிடியரிசியில் எழுந்த பள்ளியிலே, அந்தப் பிடியரிசியைப் போட்டவளின் பேத்தி பட்டம் பெற்று வந்து நிற்கும்போது, "எவ்வளவு தருவாய்?" என்று கேட்கப்பட்டால், அது எவ்வளவு பெரிய துரோகம்! சம்பளம் தருவது அரசு. இடத்தை விற்பது இடையிலிருப்பவர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

சாதியும் போகவில்லை. கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒப்புக் கொண்டது. சுமார் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித் மக்கள் என்றும், தலைமைப் பொறுப்பில் அவர்கள் பங்கு மிகக் குறைவு என்றும் அதிலேயே சொல்லப்பட்டது. குற்றத்தைத் தானே எழுதிய நேர்மையைப் பாராட்டுகிறோம். எழுதி முடித்தால் போதுமா? தாளாளர் நாற்காலியிலும் ஆசிரியர் பட்டியலிலும் அந்த மக்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பள்ளி பள்ளியாக வெளியிட வேண்டாமா?

எடுத்துக்கொள் என்பார்க்கு

இவ்வளவும் சொன்னபின், "அப்படியானால் அரசே ஏற்கட்டும்" என்று சிலர் குதிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். கடலுக்கு அப்பால் ஈழத்தமிழர் கண்ட ஒரு பாடம் இருக்கிறது. இலங்கையில் 1956-இல் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது பண்டாரநாயக்கா அரசு. 1960-61-இல் அவருடைய மனைவியார் சிறிமாவோவின் அரசு, உதவி பெறும் பள்ளிகளைச் சட்டம் போட்டு எடுத்துக் கொண்டது. கிறித்துவப் பள்ளிகள் போயின. யாழ்ப்பாணத்தில் சைவர்கள் பாடுபட்டு எழுப்பிய பள்ளிகளும் போயின. பரியோவான் கல்லூரி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி, யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில மட்டும், கட்டணமும் வாங்குவதில்லை என்ற நிபந்தனையோடு தனியே நின்றன. அன்று அவற்றைத் தாங்கியவர்கள் பழைய மாணவர்களும் நன்கொடையாளரும். பள்ளியை அரசிடம் கொடு என்று சொல்வது எளிது. அந்த அரசு நாளை யார் கையில் இருக்கும் என்று சிறுபான்மையினன் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இங்கேயும் 30-ஆவது பிரிவைக் குறிவைத்து அம்பு தொடுத்து நிற்போர் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. அது சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பிற்று. 2021-இல் தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட அறிக்கையை அடிக்கடி காட்டுகிறார்கள். கிறித்துவப் பள்ளிகளில் படிப்போரில் 74 விழுக்காட்டினர் கிறித்துவர் அல்லாதார் என்கிறது அது. இதைக் குற்றச்சாட்டாகப் படிப்பவர்கள் உண்டு. நாம் அதைச் சான்றிதழாகப் படிக்கிறோம். நூற்றுக்கு எழுபத்து நான்கு பெற்றோர், மதம் வேறாயினும் நம்பிப் பிள்ளையை விட்டிருக்கிறார்கள். அதே அறிக்கை, சிறுபான்மைப் பள்ளிகளில் வறிய, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் 8.76 விழுக்காடுதான் என்றும் சொல்கிறது. இதைப் படிக்கும்போது திருச்சபைத் தலைவர்கள் வெட்கப்பட வேண்டும். ஆண்டர்சன் வெளியே அனுப்ப மறுத்த பிள்ளையின் வழிவந்தவனைக் கட்டணப் பலகை வெளியே நிறுத்துகிறதே!

நாம் கேட்பவை

உரிமையைக் காக்கும் வழி, உரிமையை ஒழுங்காகப் பயன்படுத்துவதே. ஆகவே சிலவற்றைக் கேட்கிறோம்.

உதவி பெறும் இடம் ஒவ்வொன்றும் நாளிதழில் விளம்பரமாக வேண்டும். விண்ணப்பித்தவர் பட்டியலும் அவரவர் மதிப்பெண்ணும் பள்ளிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தம் சபையாரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கட்டும். எதைக் கொண்டு தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியட்டும்.

பள்ளியின் வரவு செலவு, உதவிப் பணம் தனியாகவும் சுயநிதிப் பணம் தனியாகவும், ஆண்டுதோறும் பெற்றோர் முன் படிக்கப்பட வேண்டும். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்?

பள்ளிக் குழுவிலே ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும், பெற்றோர் தேர்ந்தெடுத்த ஒருவரும் கையெழுத்துப் போடும் பொம்மைகளாக இல்லாமல் பேசும் உரிமையோடு அமர வேண்டும். தலித் கிறித்துவருக்கும் பெண்களுக்கும் நிர்வாகத்தில் உரிய பங்கு வேண்டும். சுயநிதிப் பிரிவை வளர்ப்பதற்காகத் தமிழ் வழி வகுப்பைப் பட்டினி போடக் கூடாது. சுயநிதி ஆசிரியைக்கு மானத்தோடு வாழும் ஊதியம் வேண்டும்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. நேர்மையாக நியமனம் செய்த பள்ளியின் கோப்பும் அலுவலகத்திலே மாதக் கணக்கில் தூங்குகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒப்புதலுக்கு நாள் வரம்பு வேண்டும். 2020-இல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிய சட்டம் அரசுப் பள்ளி மாணவருக்கென்றே அமைந்தது. உதவி பெறும் பள்ளியின் ஏழைப் பிள்ளை வெளியே நின்றான். அவன் வீட்டு அடுப்பும் அதே அடுப்புத்தான் என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிறித்துவப் பள்ளிகளைக் காக்கப் போவது வழக்கறிஞரின் வாதம் மட்டுமன்று. ஊரிலே பள்ளிக்கு ஓர் ஆபத்து என்றால், "அது எங்கள் பள்ளி" என்று இந்துவும் இசுலாமியரும் எழுந்து நிற்க வேண்டும். கதவையும் கணக்கையும் திறந்து வைத்த பள்ளிக்குத்தான் அப்படி நிற்க ஆள் வருவார்கள். பூட்டி வைத்த பள்ளி தனியே நிற்கும். அது பூட்டுடைப்போருக்கு எளிது.

திருச்சபைத் தலைவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள்?